கோழிக்குப் போகும் அரிசி

புளியடிவிளை சர்ச்சில் பிடியரிசி பிரிக்கிற வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவருகிறவள் சத்தியபாய். மழையென்றும் காய்ச்சலென்றும் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. தவறவிட்டதில்லை என்பதை மற்றவர்கள் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்வாள். "மூத்தவளுக்க கல்யாணத்துக்கு முந்தின நாளும் நான்தான் போய்ப் பிரிச்சேன்" என்ற பேச்சைக் கேட்காத காது அந்த ஊரில் இல்லை.

பிடியரிசி என்றால் பெரிய காரியமொன்றும் இல்லை. உலையில் அரிசி போடும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் டின்னில் வீட்டுக்காரி போட்டுவைக்க வேண்டும். அது கர்த்தருக்கு உள்ளது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை சத்தியபாய் வந்து டின்னைத் தன் சாக்கில் கவிழ்த்துக்கொள்வாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசல் வேப்பமரத்தடியில் அந்தச் சாக்கு ஏலத்துக்கு வரும். பெண்கள் ஐக்கியத்தின் பங்காக அது சபைக்குப் போய்ச் சேரும்.

முறை அப்படி. நடப்பு வேறு. இப்போது ஊரில் எந்த அடுப்பங்கரையிலும் இரண்டு அரிசி உண்டு. சாப்பிடுகிற அரிசி ஒன்று, ரேஷனில் வாங்கி மூலையில் சாய்த்து வைத்த அரிசி இன்னொன்று. தினமும் ஒரு பிடி எடுக்கிற பழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சனிக்கிழமை காலையில் சத்தியபாயின் குரல் நடையில் கேட்டதும் மூலைச் சாக்கிலிருந்து ஒரு டின் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அதில் வண்டும் இருக்கும், கல்லும் இருக்கும். யாருக்கும் மனசு உறுத்தவில்லை. ஏனென்றால் ஏலத்தில் அதை எடுப்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

எடுப்பவர் தங்கையன். எழுபது வயது தாண்டியவர். ஒரு காலத்தில் தோப்புக் காவல் பார்த்தவர். பெண்டாட்டி செத்து, ஒரே மகன் சென்னையோடு போய்விட்ட பிறகு குளத்தங்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் கோழி வளர்ப்பதும் கோழிக்குத்தான் இந்த அரிசி என்பதும் ஊர் அறிந்தது. அவரோடு போட்டிக்கு ஏலம் கேட்பவர் கிடையாது. "மாசம் தவறாம சபைக் காணிக்கை வாங்குற உசுரு நம்ம ஊருல தங்கையனுக்க கோழி மட்டுந்தான்" என்பார் ஞானசிங். இவர் சத்தியபாயின் புருஷன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் கிழிப்பதை விட்டபின் வாயைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறார் என்பது சத்தியபாயின் கட்சி.

அன்றும் மாதக் கடைசிச் சனிக்கிழமைதான். இருபத்தாறு வீடும் முடித்து, அரைச்சாக்கு அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள் சத்தியபாய். பின்வாசல் படியில் இறக்கும்போது சாக்கின் வாய் அவிழ்ந்து இரண்டு கை அரிசி மண்ணில் கொட்டிவிட்டது. சவம் கிடக்கட்டும் என்று முகம் கழுவ உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால், படிக்குக் கீழே நாலு வயசுப் பெண்பிள்ளை ஒன்று குத்தவைத்து உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணியாக எடுத்து, ஊதி, பாவாடை மடியில் போட்டது. ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. சேர்த்துக்கொண்டிருந்தது.

சத்தியபாயைக் கண்டதும் பிள்ளை எழுந்து நின்றது. ஓடவில்லை. மடியையும் விடவில்லை.

அது யாருடைய பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். பின்னால் சபைக்குச் சொந்தமான லைன் வீடு இருக்கிறது, மூன்று அறை. அஞ்சுகிராமம் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்ட வந்த ஜார்க்கண்ட் ஆட்களை ஒரு காண்டிராக்டர் அங்கே தங்கவைத்திருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் சாரத்திலிருந்து சோம்ரா என்பவன் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. காண்டிராக்டர் அவனை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அன்றைக்கு அணைத்த போனை அப்புறம் அவன் திறக்கவே இல்லை. கூட வந்த ஆட்கள் கேரளத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். சோம்ராவின் பெண்டாட்டி புத்னியும் இந்தப் பிள்ளையும் ஒரு கைக்குழந்தையும் மட்டும் அறையில் இருந்தார்கள். ஊருக்கே தெரிந்த கதை. எல்லோரும் பாவம் என்றார்கள். சத்தியபாயும் சொன்னாள், அதுவும் இரண்டு தடவை.

இப்போது பிள்ளையின் பின்னால் போனாள். அறை வாசலில் மூன்று செங்கல் வைத்த அடுப்பு. சாம்பல் இரண்டு நாள் பழையது, அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. புத்னி சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க முயன்றுகொண்டிருந்தாள். குழந்தை நாலு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. புத்னி அதை மறுபக்கம் மாற்றினாள். அங்கேயும் அழுகைதான்.

சத்தியபாய் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தாள், சாக்கைத் தூக்கினாள், கொண்டுபோய் அந்த அறைக்குள் வைத்தாள். சபைக்குள்ள அரிசியாயிற்றே என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. வந்தபோது அவள் பாதி வழியில் இருந்தாள், நடையை நிறுத்தவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியது. ஒரு குலை ரசகதலி, ஒரு தென்னம்பிள்ளை, முதல் காய்ப்பு எலுமிச்சை நாலு. எல்லாம் போன பிறகு சபைச் செயலாளர் எட்சன் சுற்றிலும் பார்த்தான்.

"சித்தி, பிடியரிசிச் சாக்கு எங்க?"

"குடுத்தாச்சு மக்கா."

"ஆருக்கு?"

"லைன் வீட்டுல இருக்க பிள்ளைக்கு. ரெண்டு நாளா அடுப்பு எரியல்ல."

"ஆருகிட்ட கேட்டுக் குடுத்திய?"

"பசிச்சவகிட்ட கேட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எட்சனுக்கு முகம் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. கொட்டாரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். ஆனால் எதுவும் தீர்மானமாகி, நோட்டீஸ் போர்டில் ஏறினால்தான் அவனுக்கு நடந்த மாதிரி. கேட்காமல் செய்த நன்மை அவனுக்குக் கிட்டத்தட்டத் திருட்டு.

"இது நல்லால்ல சித்தி. நாளைக்கு ஒவ்வொருத்தரும் காணிக்கைய அவங்கவங்களுக்குத் தோணுன எடத்துல குடுத்தா சபை எதுக்கு? இந்த வாரமே மறுபடி பிரிச்சு அடுத்த ஞாயிறு ஏலத்துக்குக் கொண்டு வாங்க. இன்னொண்ணும் சொல்லிருதேன். அந்த ரூம் அடுத்த ஞாயிறோட ஒழியணும். புது நாற்காலி அம்பதெண்ணம் வருது, போட எடம் இல்ல."

"அவனுக்குத் தொடையில கம்பி வச்சிருக்கு. நடக்க ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியாச்சு. கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு அவ எங்க போவா?"

"ஊருக்குப் போகட்டும்."

"மாப்பிள்ளைய ஆஸ்பத்திரியில போட்டுட்டா?"

"கமிட்டி தீர்மானம் சித்தி. நான் ஒருத்தன் மாத்த முடியாது."

"கமிட்டி எப்பக் கூடும்?"

"அடுத்த ஞாயிறு, ஏலம் முடிஞ்சு."

"சரி" என்றாள் சத்தியபாய். "பிடியரிசி வரும். நானும் வருவேன்."

கூட்டம் கலைந்தது. தங்கையன் மட்டும் மடித்த வெறுஞ்சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றார். அவள் பக்கத்தில் வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த ஞாயிறு அரிசி உண்டு இல்லியா, சத்தியபாயி?"

"உண்டும் அண்ணே. ஒரு வாரம் தீனி இல்லன்னா கோழி செத்தா போகப் போகுது?"

"இல்ல. சாகாது" என்று சொல்லிவிட்டுத் தங்கையன் நடந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் சத்தியபாய் லைன் வீட்டுப் பக்கம் போனாள். எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனதாக அவளே அவளிடம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் ஒரு நன்றி கிடைத்தால் கொள்ளாம் என்றிருந்தது. எட்சனை எதிர்த்து நாலுபேர் நடுவில் நின்று பேசிய தெம்பு இன்னும் உடம்பில் இருந்தது. காலை வீசித்தான் நடந்தாள்.

அறை வாசலில் புத்னி ஒரு தட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய பேப்பரில் பொறுக்கித் தள்ளியது கிடந்தது. கறுப்பு வண்டு, சின்னச் சின்னக் கல், நெல், பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்ட கட்டி, ஒரு எலிப்புழுக்கை. அந்தக் குவியல் சத்தியபாயின் இரண்டு கையும் கொள்ளாது.

"அக்கா, வா. சாப்பிடு" என்றாள் புத்னி. வேலைத்தலத்தில் படித்த தமிழ் அவளுக்கு அவ்வளவுதான். அந்த வீட்டில் தட்டு ஒன்றுதான் இருந்தது. பொறுக்கிய அரிசியைத் துணியில் கொட்டி, தட்டைக் கழுவி, பானையிலிருந்து சோறு எடுத்துப் போட்டு, ஓரத்தில் உப்பும் ஒரு பச்சைமிளகாயும் வைத்தாள். பிறகு பானைக்குள் தேடி எதையோ எடுத்து, சோற்றின் நடுவில் வைத்தாள். விருந்தாளிக்கென்று வைத்தது போல இருந்தது.

"இது நல்ல வாசம்" என்று சிரித்தாள்.

வெந்து சுருண்ட ஒரு இலை. நொச்சி இலை.

ஊரில் நொச்சி சத்தியபாயின் வேலியில் மட்டும்தான் நிற்கிறது. வண்டு வராமலிருக்க ரேஷன் அரிசிச் சாக்கில் நாலு கொத்து ஒடித்துப் போட்டு வைப்பாள். சாப்பிடுகிற அரிசியில் அல்ல, மூலையில் கிடக்கிற சாக்கில். சனிக்கிழமை காலையில் மற்ற வீடுகளுக்குப் புறப்படும் முன் தன் வீட்டு டின்னை அந்தச் சாக்கிலிருந்துதான் நிறைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் டின்னில் என்ன இருக்கிறது என்று பார்த்து உதட்டைப் பிதுக்கியவள், தன் டின்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு வாய் எடுத்து வைத்தாள். இருபத்தாறு வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்திருந்தது. ஒன்று குழைந்து கூழாகியிருந்தது, ஒன்று நடுவில் விறைத்துக் கிடந்தது. சாக்கு நாற்றம் தொண்டை வரைக்கும் வந்தது. அவளால் விழுங்க முடியவில்லை. புத்னி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினாள்.

பிள்ளை பானையிலிருந்து நேராக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. "நல்லா இருக்கு அக்கா" என்றாள் புத்னி. வார்த்தையில் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் சத்தியபாயைச் சுட்டது.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து தன் பானையில் மீதி இருந்த சோறும் மீன்கறியும் தொவரனும் எல்லாவற்றையும் தூக்குவாளியில் போட்டு லைன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். ஞானசிங் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னட்டி மிச்சம்?"

"இரிங்க, பப்படம் பொரிச்சுத் தாறேன். பழஞ்சி இருக்கு." அவள் அடுப்பங்கரை மூலைக்குப் போய் ரேஷன் சாக்கை இழுத்து முற்றத்தில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

ஞானசிங் கேட்டுவிட்டு, "கோழிக்குத்தானே போகுதுன்னு நீதான சொல்லுவ" என்றார்.

"சொன்னேன். கர்த்தருக்குன்னு சொல்லி வாங்குனேன், கோழிக்குன்னு நெனச்சுப் போட்டேன். எனக்க வாயி ஒண்ணு சொல்லுச்சு, எனக்க கை வேற ஒண்ணு செஞ்சுது."

"சரி விடு. ரெண்டு மாசம்தான? அவங்களுக்குச் சோறு நாமளே குடுத்துரலாம். பென்ஷன் வருதுல்லா."

"குடுக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை ரூமக் காலி பண்ணச் சொன்னா எங்க வச்சுக் குடுப்பிய? எட்சனுக்கு நாற்காலி பெருசு. ஏன் பெருசு? அவன் அந்தச் சோத்தத் தின்னல்ல. நான் தின்னேன், எனக்கு வெளங்கிட்டு. அவனுக்கும் வெளங்கணும்."

ஞானசிங் அவள் முகத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை அவர் மூன்று தடவை பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் ஜெயித்தது அந்த முகம்தான். இலையை நேராக்கிப் பப்படத்துக்குக் காத்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க லைன் வீட்டுக்கு அவள் வீட்டிலிருந்து சோறு போனது. வெள்ளிக்கிழமை சத்தியபாய் சாக்கை எடுத்துக்கொண்டு மறுபடி வீடுவீடாகப் போனாள். ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை என்றதும் பெண்கள் முகம் சுளித்தார்கள். டின்களில் வந்தது போன தடவையைவிட மோசம். இரண்டு மாடி வீட்டு ரீத்தா, மகன் துபாயில் இருப்பவள், "இதக் கோழிகூடத் திங்குமோ என்னமோ, பாத்துக்கிடுங்க மைனி" என்று சொல்லியே கவிழ்த்தாள். சத்தியபாய் ஒருவரிடமும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "போடு மக்கா, போடு" என்றாள். கடைசியில் தன் மூலைச் சாக்கிலிருந்தும் ஒரு டின் அள்ளி அதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் கல் கூட்டி, பெரிய வார்ப்பை ஏற்றினாள். வார்ப்பு சபையின் அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற பாத்திரம், எடுத்துவரப் பெண்கள் ஐக்கியத் தலைவியான அவளுக்கு உரிமை உண்டு. ஞானசிங் தென்னமட்டையைத் தள்ளித் தீயைப் பார்த்தார்.

"கல்லு பொறுக்கவாவது செய்யட்டுமா?"

"வேண்டாம்."

"கழுவலாமா, அதுவும் பாவமா?"

"கழுவலாம்."

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் வார்ப்பு மூடியிருந்தது. பக்கத்தில் துண்டு வாழையிலை அடுக்கு. ஞானசிங் கையில் கரண்டியோடு நின்றார். ஏதோ வீட்டு விசேஷம், யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துச் சிலர் வரிசையாகவே நின்றுவிட்டார்கள்.

"சித்தி, பிடியரிசி?" என்றான் எட்சன்.

"இதுதான். நீ ஏலத்துக்குக் கொண்டு வரச் சொன்ன, வந்தாச்சு. வேகவச்சுக் கொண்டு வரக்கூடாதுன்னு தீர்மானம் ஒண்ணும் இல்லியே? ஏலம் கேக்கதுக்கு முன்ன சரக்கு எப்படின்னு எல்லாரும் ஒரு வாய் பாக்கணும். முதல்ல கமிட்டி."

அவள் குரல் உயரவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் கையில் இலை வந்துவிட்டது, சோறும் விழுந்துவிட்டது. கறி கேட்டார்கள். கறி இல்லை, உப்பு உண்டு என்றாள். சோறு வாங்கிக் கீழே போடுவது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. ஒவ்வொருவராக வாயில் வைத்தார்கள்.

ஒருவர் கல்லைக் கடித்தார். ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். எட்சன் வாயில் வைத்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே நின்றான்.

"கருப்பா இருந்தா வண்டு" என்றாள் சத்தியபாய். "நொச்சி இலை ஒருத்தருக்க இலையில வந்தா, அது எனக்க வீட்டு அரிசி. ஆரையும் குத்தம் சொல்ல நான் வரல்ல. இருபத்திரண்டு வருசம் சாக்கத் தூக்குனவ நான். உள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்சுதான் தூக்குனேன். போன வாரம் சனிக்கெழம இதத்தான் பிள்ளை பெத்தவளுக்குக் கொண்டு குடுத்தேன். அவ எனக்குத் தட்டு கழுவி வச்சு விருந்து போட்டா. நல்லா இருக்குன்னு சொன்னா."

சத்தியபாய் எட்சன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ரெண்டு காரியம் வேணும். அவ மாப்பிள்ளை எழும்பி நடக்கது வரைக்கும் அந்த ரூம் வேணும். நாற்காலிய எனக்க முன்வாசல்ல அடுக்குங்க, நனையாம பாத்துக்கிடுதேன். ரெண்டாவது, இனிமே நான் அரிசி பிரிக்க மாட்டேன். மத்தியானம் சோறு பிரிக்க வருவேன். நீங்க திங்குற பானையில இருந்து ஒரு பிடி, ஒரு கரண்டி கறி. இல்லாதவங்க இல்லன்னு சொல்லலாம். ஆனா மூலைச் சாக்குல இருந்து ஆரும் எனக்குத் தரண்டாம்."

எட்சன் கஷ்டப்பட்டு விழுங்கினான். இலையை மடித்தான். கமிட்டி ஆட்கள் நாலு பேரையும் பார்த்தான். அவர்கள் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரூம் இருக்கட்டும் சித்தி" என்றான். "தீர்மானம் நான் எழுதிக்கிடுதேன்."

சத்தியபாய் மூடியை எடுத்து வார்ப்பை மூடினாள். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தங்கையனைப் பார்த்தாள். மரத்தின் மறுபக்கம் வேரில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் சுளிக்காமல், அவசரம் இல்லாமல், கல் வந்தால் நாக்கால் ஒதுக்கி விரலில் எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டார். இலையை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து, கை கழுவி, மடித்த வெறுஞ்சாக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் காட்சி அவளை விடவில்லை. ஊரே ஒரு வாய்க்கு மேல் தின்னமுடியாத சோறு. இவர் எப்படித் தின்றார்? கல் வரும் இடம் தெரிந்த வாய் அது. பழகின வாய்.

திங்கட்கிழமை மத்தியானம் தூக்குவாளியோடு புறப்பட்டாள். இருபத்தாறு வீட்டில் பதினொரு வீடு சோறு போட்டது. சபையில் இல்லாத வீடு ஒன்றும் சேர்ந்துகொண்டது. மளிகைக்கடை நாராயணபெருமாள் வீடு அது, அய்யாவழிக்காரர்கள். அவர் பெண்டாட்டி அஜிதா நடையிலேயே காத்துநின்று, "எங்க வீட்டத் தாண்டிப் போறிய, அக்கா?" என்று கோபமாகக் கேட்டு இரண்டு கரண்டி போட்டாள். ரீத்தா கதவைத் திறக்கவில்லை. ஆனால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்று பார்த்தவள் நாளை இறங்கி வருவாள், வராவிட்டால் நாளை மறுநாளும் மணி அடிப்பேன் என்று சொல்லிக்கொண்டு சத்தியபாய் மேலே நடந்தாள்.

புத்னிக்குப் போதுமான சோறு சேர்ந்துவிட்டது. இருந்தும் லைன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் குளத்தங்கரைக்குப் போனாள்.

தங்கையன் வீட்டுப் பின்னால் கோழிக்கூடு இருந்தது. அதன்மேல் ஒரு தென்னை விழுந்து கிடந்தது. ஒக்கிப் புயல் அன்று சாய்ந்த தென்னை. ஊரே பார்த்ததுதான், அவளும் பார்த்ததுதான். தடி உளுத்து, அதன்மேல் கொடி படர்ந்து பூத்திருந்தது. அடியில் நசுங்கிய கூட்டின் கதவு துருப்பிடித்து மண்ணில் புதைந்திருந்தது. முற்றத்தில் ஒரு இறகு இல்லை, எச்சம் இல்லை. அடுக்களைச் சன்னலில் ஒரு சட்டியும் ஒரு கும்பாவும் கவிழ்த்து வைத்திருந்தன.

ஒக்கி வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அத்தனை வருஷம், மாதம் தவறாமல், அவள் டின் நொச்சி இலையோடு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. தங்கையன் பெயரை மகன் தன் ரேஷன் கார்டில் சேர்த்துச் சென்னைக்குக் கொண்டுபோனதும் ஊருக்குத் தெரியும். கார்டு இல்லாத மனுஷன் அரிசிக்கு என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கோழிக்கு என்று அவர் சொன்னார், எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எட்டு நாளுக்கு முன் மரத்தடியில், கோழி செத்தா போகப் போகுது என்று அவரிடம் தான் கேட்டது நினைவுக்கு வந்தது.

தங்கையன் உள்ளேயிருந்து வந்தார். தூக்குவாளியைப் பார்த்தார், கூட்டின் பக்கம் திரும்பியிருந்த அவள் முகத்தையும் பார்த்தார். வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

கோழி எங்கே அண்ணே என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் வந்தது. அந்த வாயை அடக்கினாள். சன்னலிலிருந்த கும்பாவை எடுத்து, குளத்தில் அலம்பி, அதில் அஜிதா வீட்டுச் சோற்றை வைத்தாள். தன் வீட்டு மீன்கறியை மேலே ஊற்றினாள். நடையில், அவர் காலடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"கோழிக்கு மீன்கறி பிடிக்குமான்னு தெரியல்ல அண்ணே" என்றாள். "வச்சுப் பாருங்க."

தங்கையன் கும்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். கறியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"பிடிக்கும்" என்றார்.

"அப்ப நாளைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு, மீதிச் சோறு ஆறிவிடும் முன் கொண்டுசேர்க்க சத்தியபாய் லைன் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.